எட்டு நிமிடம் நிற்கும் வண்டி

ஜனவரி 9

அன்புள்ள அணிலுக்கு,

நான் நலம். உன் நலத்தை எழுது, சுருக்கமாக. மூச்சு வாங்குகிறது என்று போன கடிதத்தில் ஓரத்தில் கிறுக்கியிருந்தாயே, டாக்டரிடம் காட்டினாயா? கடைக்கும் மாடிக்கும் இடையே இருக்கும் பதினாறு படிகளை நாளுக்குப் பத்துத் தடவை ஏறி இறங்காதே. நீ தைக்கும் பள்ளிச் சீருடைகள் எழுந்து ஓடிவிடாது.

உன் கடிதத்தைத் திருத்தி இதோடு வைத்திருக்கிறேன். மதர் சுப்பீரியர் நடத்திய பள்ளி விடுதியில் நீ எனக்கு எழுதிய முதல் சீட்டிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்: ஒரு பத்தியில் ஒரு விஷயம். பாவாடையில் ஒரு மடிப்பு கோணினால் பிரித்துத் தைக்கிறவள், வாக்கியம் கோணினால் மட்டும் அப்படியே உறையில் போட்டுவிடுகிறாய்.

எனக்கு வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. வாரப் பத்திரிகையில் என் பக்கம் ஆறாவது வருடத்துக்குள் நுழைகிறது. 'ஏழு நாள், ஏழு சுகம்' என்று ஆசிரியர் தலைப்பு வைத்தபோது, வாரம் தவறாமல் ஏழு சுகத்துக்கு எங்கே போவது என்று பயந்தேன். இப்போது எட்டாவது மிஞ்சுகிறது. இந்த வாரத்திலிருந்து உனக்கு மூன்று: பென்சிலை பிளேடால் சீவும்போது சுருள் அறுந்துபோகாமல் ஒரே நாடாவாக வருவது. பக்கத்து வீட்டு அலாரம் அடிக்க, அது எனக்கில்லை என்று திரும்பிப் படுப்பது. இஸ்திரி போட்ட கைக்குட்டையை முதல் தடவை பிரிப்பது.

பக்கத்தின் அடியில் கட்டம் போட்டு வரும் 'அடுத்து எங்கே' பகுதியை நீ பார்த்திருப்பாய். இந்த மாதம் கலங்கரை விளக்கம் உள்ள கடலோர ஊர். அங்கே நூலகத்தில் பேச்சு. பிறகு மலைமேல் ஓர் ஊர். பிப்ரவரியில் பெரிய பாலம் கட்டியிருக்கும் ஆற்றங்கரை ஊர். ஆகவே பிப்ரவரியில் உன்னிடம் வந்து பத்து நாள் தங்குவதாகச் சொன்னதை மறந்துவிடு. மூன்றாவது முறையாகத் தள்ளிப்போடுகிறேன் என்று சொல்லிக்காட்டாதே. எனக்கும் எண்ணத் தெரியும்.

போன் செய்யாதே. போனில் நீ அழுதுவிடுவாய். காகிதத்தில் என்றால் மை கரைந்துவிடுமே என்று அடக்கிக்கொள்வாய்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா

ஜனவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

அன்பும் பயமும் கலந்த வணக்கம். பயம் உன் சிவப்பு மைக்கு. நீ நலமாக ஊர் ஊராகப் போய்க்கொண்டிருப்பதில் எனக்குப் பெருமைதான். கடைக்கு வருகிறவர்களிடம் உன் பக்கத்தை விரித்துக் காட்டிவிட்டுத்தான் அளவே எடுக்கிறேன்.

நீ சொன்னபடி டாக்டரிடம் போனேன். "படி ஏறினா மட்டும் மூச்சு வாங்குதா, சும்மா உட்கார்ந்திருந்தாலுமா?" என்று கேட்டார். "ஊசியில நூல் கோக்கும்போதுகூட வாங்குது டாக்டர்" என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. படம் எடுத்தார்கள். "இதயத்துல கதவு மாதிரி ஒண்ணு இருக்கும்மா. திறக்கணும், மூடணும். உங்களுக்குத் திறந்தா மூட மாட்டேங்குது" என்றார். அறுத்து, பழையதை எடுத்துவிட்டுப் புதியது வைக்க வேண்டுமாம். பெருநகரத்து ஆஸ்பத்திரியில் ஏப்ரல் பதினேழாம் தேதி. ஏற்பாடெல்லாம் செய்துவிட்டார்கள்.

"கூட யாரு இருக்காங்க உங்களுக்கு?" என்று கேட்டார். அக்கா என்றேன். "கையெழுத்துப் போடணும், கூடவே இருக்கணும், வருவாங்களா?" என்றார். யோசிக்காமல் "வருவா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கடையில் துணி வெட்டித் தரும் கட்டிங்கம்மாவைத்தான் உனக்குத் தெரியுமே, அவள் வீட்டுக்காரர் படுத்த படுக்கை. அவளை நான் கூப்பிட முடியாது. பயமாக இருக்கிறது. கத்தரிக்கோல் பிடித்தால் வெட்டு கோணுகிறது, பயமாக இருக்கிறது. அத்தான் போன அன்றைக்கு நான் பக்கத்தில் இருந்தேன், எனக்குப் பக்கத்தில் யார் என்று நினைத்தால் பயமாக இருக்கிறது. அக்கா, நீ ஒரு வாரம் முன்னாலேயே வந்துவிடு. இரண்டு பேருமாகச் சேர்ந்து ரயிலில் போவோம். எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது.

ஒரு பத்தியில் நாலு விஷயம் வந்துவிட்டது. மன்னித்துவிடு.

உன் அணில்

பிப்ரவரி 4

அன்புள்ள அணிலுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. திருத்தி இணைத்திருக்கிறேன். நான் சுகமே.

இந்தக் கதவு மாற்றும் வேலையெல்லாம் இப்போது சர்வ சாதாரணம். நூற்றுக்கணக்கானவர்கள் செய்துகொண்டு நடமாடுகிறார்கள். தைரியமாக இரு. உப்பைக் குறை. இடது பக்கம் படுக்காதே. 'பயமாக இருக்கிறது' என்று ஒரே பத்தியில் நான்கு இடத்தில் எழுதியிருக்கிறாய். ஒன்று போதும்.

கலங்கரை விளக்கத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு படி ஏறினேன். மேலே போனதும் காற்று கண்ணாடியைக் கழற்றப் பார்த்தது. ஒரு கையால் கண்ணாடியையும் இன்னொரு கையால் புடவையையும் பிடித்துக்கொண்டு, கடலைப் பார்க்கக் கையில்லாமல் நின்றேன். இந்த வாரத்தின் முதல் சுகம் அதுதான். இரண்டாவது, நூலகத்துப் பேச்சில் ஒரு குழந்தை வீறிட்டு அழ, கூட்டமே அதைச் சமாதானப்படுத்தியது. மூன்றாவது, தபால்தலையை நாக்கால் தொடாமல் தண்ணீர் தொட்டு ஒட்டுவது.

ஏப்ரலைப் பற்றி. அந்த வாரம் எல்லையோர ஊர் ஒன்றில் மூன்று நாள் கூட்டம். ஆறு மாதம் முன்பே ஒப்புக்கொண்டது. வர முயல்கிறேன். முடியாமல் போனால் நல்ல தனி நர்ஸ் ஒருத்தியை ஏற்பாடு செய்கிறேன். நர்ஸுகளுக்குத்தான் இதெல்லாம் பழக்கம். என்னைப் போன்றவர்கள் வந்து நின்றால் இடைஞ்சல்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா

பிப்ரவரி 12

அக்காவுக்கு,

நலம் என்று எழுதினால் பொய். ஆகவே எழுதவில்லை.

நீ திருப்பி அனுப்பியதைப் பார்த்தேன். நான்கு பயத்தில் மூன்றைச் சிவப்பு மையால் அடித்திருக்கிறாய். அழகாக, அளவுகோல் வைத்து. நன்றி. மிச்சம் வைத்த ஒன்று அத்தான் பெயர் வரும் இடத்தில் இருக்கிறது. அதை மட்டும் ஏன் விட்டாய் என்று உன்னைக் கேட்க வேண்டும்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். போன வாரம் ஓர் அம்மா மகளுக்குச் சீருடை தைக்க வந்தாள். கடலோர ஊரிலிருந்து வீடு மாற்றிக்கொண்டு வந்தவர்கள். வழக்கம்போல் உன் பக்கத்தை எடுத்துக் காட்டினேன். அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. "இவங்களா உங்க அக்கா? தப்பா நினைக்காதீங்க. அன்னிக்கு நூலகத்துல ரெண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். உடம்பு சரியில்ல, வரலைன்னு சொல்லிட்டாங்க. அப்புறம் பத்திரிகையைப் பிரிச்சா, கூட்டத்துல குழந்தை அழுததுவரைக்கும் எழுதியிருக்காங்க! எங்க ஊரு விளக்கத்துமேல ஏற விட்டே ஒரு வருஷம் ஆச்சுங்க" என்றாள். நான் தலையைக் குனிந்து அந்தப் பெண்ணின் இடுப்பை இரண்டு தடவை அளந்தேன்.

நீ அங்கே போகவில்லை என்றால் எங்கே போனாய்? உனக்கு உடம்புக்கு என்ன? எனக்கு வரும் பயத்தோடு இதுவும் சேர்ந்துகொண்டது. இப்போது ஐந்து.

ஒரே ஒரு பதில் எழுது, மதர் சுப்பீரியர் அவர்களே. ஏப்ரலில் வருவாயா, மாட்டாயா?

அணில்

பிப்ரவரி 19

அன்புள்ள தங்கைக்கு,

நலம்.

என் எழுத்தைத் தையல் கடை வாடிக்கையாளர்கள் சரிபார்க்கும் நிலைக்கு நான் இன்னும் வரவில்லை. அச்சுக்கு மூன்று வாரம் முன்பே பக்கத்தை அனுப்ப வேண்டும் என்பது உனக்குத் தெரியும். தேதிகள் முன்பின்னாவது சகஜம். அந்த அம்மாள் வேறு யாரையோ நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

நர்ஸ் விஷயமாக விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

அக்கா

மார்ச் 8

அன்புள்ள அணிலுக்கு,

நலமாக இருக்கிறாயா? பதினேழு நாளாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. கோபம் என்றால் கோபம் என்று எழுது. தபால்காரர் தெருமுனையில் சைக்கிளை நிறுத்தும்போதே எழுந்து கதவுக்குப் போய்விடுகிறேன். நேற்று அவர், "உங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா. இருந்தா நான் குடுக்காமப் போயிடுவேனா?" என்று அலுத்துக்கொண்டார். என்னிடம் இதுவரை யாரும் இப்படிப் பேசியதில்லை. அதுகூட எனக்கு உறைக்கவில்லை.

கடைக்குப் போன் செய்தேன். ஆம், நானேதான். மூன்று நாள், காலையும் மாலையும். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுப்பார் இல்லை.

இந்த வாரப் பக்கத்துக்கு ஒரு சுகமும் தேறவில்லை. பழைய நோட்டிலிருந்து பொறுக்கிப் போட்டேன்.

ஒரு வரி எழுது. பிழையோடு எழுது, பரவாயில்லை.

உன் அக்கா

மார்ச் 16

அணிலே,

நீ இருக்கிறாயா என்பதுகூடத் தெரியாமல் எழுதுகிறேன். நேற்று ரயில் நிலையத்துக்குப் போனேன், உன் ஊருக்குப் பயணச்சீட்டு எடுத்தேன். திரும்பி வந்துவிட்டேன். ஏன் என்று இப்போது சொல்லிவிடுகிறேன். நீ கேட்டதற்குப் பதில் இதுதான்.

இரண்டு வருடமாக நான் எந்த ஊருக்கும் போகவில்லை. என்னால் ரயில் ஏற முடியவில்லை. படிக்கட்டுவரை போகிறேன், கம்பியைப் பிடிக்கிறேன், கால் எழும்புவதில்லை. உடம்பில் கோளாறு இல்லை; டாக்டரிடம் காட்டிவிட்டேன். வண்டி போன பிறகு இரண்டாவது பிளாட்பாரத்தில் தண்ணீர்க் குழாய்க்கு எதிரே இருக்கும் பெஞ்சில் உட்கார்ந்துவிடுகிறேன். எந்த ஊருக்குப் போவதாக எழுதியிருந்தேனோ அந்த ஊரிலிருந்து வரும் வண்டியில் இறங்குகிறவர்களை நிறுத்திப் பேச்சுக் கொடுப்பேன். பாலம் எப்படி இருக்கிறது, காற்று எப்படி, எத்தனை படி? மரியாதையாக ஒரு வயதான அம்மாள் கேட்டால் எல்லோரும் சொல்கிறார்கள். விளக்கத்தின் படிகளை எனக்குச் சொன்னவர் எப்போது ஏறினாரோ, நான் கேட்கவில்லை. என் பயணமெல்லாம் அந்தப் பெஞ்சுதான்.

பெட்டியோடு உடனே வீடு திரும்பினால் கீழ் வீட்டுக்காரி கேட்பாள். அதனால் அவள் சந்தைக்குப் போகும் நேரம் பார்த்துப் பின்பக்கமாக ஏறி, மூன்று நாள் ஜன்னல் திறக்காமல், ரேடியோ போடாமல், செருப்பில்லாமல் நடப்பேன். ரொட்டியை வாயில் ஊறவைத்துத் தின்பேன், மெல்லும் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்கும். நாலாம் நாள் அதே பெட்டியோடு பின்வழியாக இறங்கி, முன்வழியாக வாடகை வண்டியில் வந்து இறங்குவேன். "பயணம் நல்லா இருந்துச்சாம்மா?" என்பாள். ரொம்ப நன்றாக இருந்தது என்பேன். நான்தான், வகுப்பில் காப்பியடித்தவளை மதரிடம் பிடித்துக் கொடுத்தவள்.

ஏன் ஏற முடியவில்லை என்பது உனக்குத் தெரிந்திருக்கும். திங்கட்கிழமை வீட்டுக்குப் போகலாம் என்று உன் அத்தானுக்கு டாக்டர் சொல்லியிருந்தார். ஒரே நாள்தானே என்று உன்னை உட்கார்த்திவிட்டுக் கூட்டத்துக்குப் போனேன். திரும்பி வரும் வண்டி என் ஊருக்கு வெளியே சிக்னலில் நாற்பது நிமிடம் நின்றது. எனக்கு ஜன்னல் இருக்கை. பன் ஒன்று வாங்கி வைத்திருந்தேன். நோட்டை எடுத்து, 'நகராத ரயிலில், ஜன்னலோரம், அவசரமில்லாமல் தின்னும் பன்' என்று எழுதினேன். என் வழக்கப்படி பக்கத்தில் மணியும் போட்டேன்: நான்கு பத்து. இறங்கியதும் நிலையத்துத் தபால் பெட்டியிலேயே பக்கத்தைப் போட்டுவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். நீ வாசலில் நின்றாய். நாலு மணிக்கு என்று சொன்னாய்.

அந்தப் பக்கம் அச்சாகி வந்தது. வாசகர்களிடமிருந்து அவ்வளவு கடிதங்கள் எதற்குமே வந்ததில்லை. எல்லோருக்கும் அந்தப் பன் பிடித்திருந்தது.

அதை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள்.

நீ இருந்தால் எழுது. எதையும் திருத்த மாட்டேன்.

அக்கா

மார்ச் 22

அன்புள்ள என் அக்காவுக்கு,

இருக்கிறேன். கையெழுத்து கோணலாக இருப்பது படுத்துக்கொண்டு எழுதுவதால். பிப்ரவரிக் கடைசியில் மாடிப்படியில் விழுந்தேன். பதின்மூன்றாவது படி. இங்கேயே ஆஸ்பத்திரியில் சேர்த்து, நுரையீரலில் கட்டிய நீரை எடுத்தார்கள். இருபது நாள். கட்டிங்கம்மா கடையைப் பூட்டிவிட்டாள், அதனால்தான் போன் அப்படி அடித்திருக்கிறது. திரும்பி வந்தபோது கதவுக்கு அடியில் உன் இரண்டு கடிதங்களும் கிடந்தன. குனிந்து எடுக்கக்கூடத் தெம்பில்லை. காலால் தள்ளிக் கட்டில்வரை கொண்டுவந்தேன். கோபித்துக்கொள்ளாதே.

படித்தேன். முதலில் சிரிப்பு வந்தது. ரொட்டியை ஊறவைத்துத் தின்றாயா? அடிப் பாவி! நான் இங்கே ஊரெல்லாம் உன் பெருமை பேசிக்கொண்டிருக்கிறேன், நீ உன் வீட்டிலேயே திருடி மாதிரி நடந்திருக்கிறாய். பிறகு சிரிப்பு வரவில்லை.

ஆபரேஷனை முன்னால் தள்ளிவிட்டார்கள். இனி தாங்காதாம். ஏப்ரல் மூன்றாம் தேதி. ஒன்றாம் தேதி மாலைக்குள் போய்ச் சேர வேண்டும். அன்று காலை வண்டியில் நான் கிளம்புகிறேன். கட்டிங்கம்மா இங்கே ஏற்றிவிடுவாள். அந்த வண்டி பதினொன்று இருபதுக்கு உன் ஊருக்கு வருகிறது. எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க எட்டு நிமிடம் நிற்கும். இரண்டாவது பிளாட்பாரம்தான், விசாரித்துவிட்டேன். உன் பெஞ்சை விட்டு நீ எங்கேயும் போக வேண்டாம். நான் நாலாவது பெட்டியின் வாசலில் நிற்பேன். கையை நீட்டுவேன். பிடித்துக்கொண்டு ஏறு. அவ்வளவுதான். கூட வந்து கையெழுத்துப் போட உன்னைத் தவிர எனக்கு ஒருவரும் இல்லை. போடாவிட்டால் அறுக்க மாட்டார்கள். அறுக்காவிட்டால் என்ன ஆகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதை எழுதி உன்னைப் பயமுறுத்த மாட்டேன்.

அத்தானைப் பற்றி இந்த இரண்டு வருடத்தில் நீ என்னிடம் கேட்காத ஒன்று இருக்கிறது. கேட்டால் சொல்வேன். கடிதத்தில் சொல்ல மாட்டேன். நீ திருத்தி அனுப்பிவிடுவாய்.

உன் அணில்

மார்ச் 27

அணிலுக்கு,

நீ இருக்கிறாய். அதற்கு மேல் எனக்கு நலம் என்ன, பொல்லாப்பு என்ன!

உன் கடிதம் வந்த நாளிலிருந்து தினமும் நிலையத்துக்குப் போய்ப் பழகிப் பார்க்கிறேன். நேற்று ஒரு கால் படியில் வைத்துவிட்டேன். டிக்கெட் பரிசோதகர் பின்னால் வந்து, "ஏறுங்கம்மா, இல்ல இறங்குங்க. பாதியில நிக்கிறதுக்கு வண்டியில இடமில்ல" என்றார். இறங்கிவிட்டேன். முதுகெல்லாம் வியர்வை. "இந்தம்மாவா? இவங்க ஏற மாட்டாங்க சார், எனக்குத் தெரியும். ரெண்டு வருஷமாப் பார்க்கிறேன்" என்றார் சுமை தூக்குகிறவர். அவருக்குத் தெரியும் என்பது எனக்கு இவ்வளவு நாள் தெரியாது.

அதனால் கெஞ்சிக் கேட்கிறேன். என்னை நம்பி ஏறாதே. யாரையாவது துணைக்குக் கூட்டிக்கொண்டு வா. கடை வீட்டுக்காரர், எதிர்க் கடைக்காரர், யாராவது. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து கேட்டுவிட்டேன், கையெழுத்தைத் தபாலில் அனுப்பினால் ஏற்க மாட்டார்களாம். அங்கே போய்ச் சேர வேறு வழி இருக்கிறதா என்றும் பார்த்தேன். பேருந்துக்கும் படி இருக்கிறது. வாடகைக் காருக்குச் சொல்லிவைத்தேன். வந்து வாசலில் நின்றது. கதவைத் திறந்துவிட்டான். ஊரை விட்டு வெளியே போகும் எதிலும் என் கால் ஏறாது என்று அப்போதுதான் தெரிந்தது.

எட்டு நிமிடம் எனக்குப் போதாது, அணிலே. எட்டு மணி நேரமும் போதாது. நீ கையை நீட்டி நிற்பதையும் வண்டி நகர்வதையும் தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஆனாலும் பெஞ்சில் இருப்பேன்.

அக்கா

மார்ச் 30

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் அலுவலகத்தாரும் நலமென நம்புகிறேன்.

இந்த வாரம் என் பக்கம் வராது. 'அடுத்து எங்கே' கட்டத்தை இனி அடியோடு எடுத்துவிடுங்கள். கடந்த இரண்டு ஆண்டுகளில் நான் எழுதிய ஊர்கள் எதற்கும் நான் போகவில்லை. சுகங்கள் மட்டும் பெரும்பாலும் உண்மை. இதை வாசகர்களுக்குச் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். சொல்லிவிட வேண்டும் என்பது என் விருப்பம்.

நாளை மறுநாள் ஒரு ரயில் ஏற வேண்டியிருக்கிறது. ஏறாமல் வீடு திரும்பினால், மேசையில் உட்கார்ந்து அந்தப் பயணத்தையும் எழுதிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. அதற்காகத்தான் இந்தக் கடிதத்தை இன்றே அனுப்புகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஏழாம் பக்கத்து எழுத்தாளர்

ஏப்ரல் 3
ஆஸ்பத்திரி, இரண்டாம் மாடி

என் அணிலுக்கு,

இருபதடித் தூரத்தில், இரண்டு கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவளுக்குக் கடிதம் எழுதுகிறேன். வேறு எதற்கும் கை ஓடவில்லை. காலை ஏழு மணிக்கு உன்னை உள்ளே கொண்டுபோனார்கள். ஐந்து மணி நேரம் ஆகும் என்றார்கள். இப்போது இரண்டு ஆகப்போகிறது. யாரும் வெளியே வரவில்லை. வந்த ஒருவரும் கையில் ஏதோ வாளியோடு என்னைப் பார்க்காமல் போய்விட்டார்.

நேற்று முன்தினம் நடந்ததை உனக்கே சொல்வது வேடிக்கைதான். ஆனால் நீ பெஞ்சில் கண்ணை மூடியிருந்தாய், எவ்வளவு பார்த்தாய் என்று எனக்குத் தெரியாது.

நீ வாசலில் நின்றாய். சொன்னபடி கையை நீட்டினாய். "அக்கா, பிடி" என்றாய். நானும் எழுந்து வந்தேன். உன் விரல் என் விரலில் பட்டது. ஆனால் கால் எழவில்லை. விசில் ஊதியதும் உன் முகத்தைப் பார்க்க முடியாமல் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது வண்டி நகர்கிறது, நீ பிளாட்பாரத்தில் என் பக்கத்தில் நிற்கிறாய். உன் பெட்டியும் டாக்டரின் கோப்பும் உள்ளே போய்க்கொண்டிருக்கின்றன. "ஏண்டி இறங்கினே?" என்று உன்னை அடிக்கவே கை ஓங்கினேன். "நீ வராம நான் போய் என்ன பண்றது?" என்றாய். அதோடு உனக்குப் பேச்சு நின்றுபோனது. உதடு நீலமாகிவிட்டது.

நிலைய அதிகாரி அடுத்த நிலையத்துக்குச் சொல்லிப் பெட்டியையும் கோப்பையும் இறக்கி வைக்க ஏற்பாடு செய்தார். அடுத்த வண்டிக்கு ஐம்பது நிமிடம். எட்டு நிமிடமெல்லாம் இல்லை, அது இரண்டே நிமிடம்தான் நிற்குமாம். சுமை தூக்குகிறவர் வந்து, "நான் கீழே இருந்து தாங்கித் தள்ளிடறேன். மேலே இருந்து யாராவது அக்குள்ல கை குடுத்து இழுக்கணும். கம்பியைப் பிடிக்க அவங்களுக்குத் தெம்பில்ல" என்றார். மேலே இருந்து யார் என்று சுற்றிப் பார்த்தேன். "யாரைப் பார்க்கிறீங்க? நீங்கதான். ஏறுங்க, ஏறுங்க!" என்று கத்தினார். நான் மேலே நின்றுகொண்டிருந்தேன். எப்போது ஏறினேன் என்று எனக்குத் தெரியாது. உன் இரண்டு அக்குளிலும் கை கொடுத்து இழுத்தேன், நீ என்மேல் விழுந்தாய், வண்டி கிளம்பிவிட்டது. முழங்கையில் ரத்தம். அதைப் பார்த்த பிறகுதான் ரயிலில் இருக்கிறேன் என்பதே உறைத்தது.

அரை மணி கழித்து உன் உதட்டுக்குப் பழைய நிறம் திரும்பியது. அப்போதுதான் கேட்டேன். "அன்னிக்கு அவர் என்னைக் கேட்டாரா?"

நீ பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "கேட்டாரு. 'வந்துட்டாளா'ன்னு. கடைசி ஒரு மணி நேரமும் அதையேதான் கேட்டாரு" என்றாய்.

"நீ என்ன சொன்னே?"

"வண்டி சிக்னல்ல நிக்குதுன்னேன். எனக்கு எப்படித் தெரியும்? வாய்க்கு வந்ததைச் சொன்னேன்."

"அதுக்கு அவர்?"

"ஜன்னல் சீட்டு கிடைச்சிருந்தா அவளுக்கு ஒண்ணும் தெரியாது, பொழுது போயிடும்னாரு. அப்புறம் மறுபடியும், வந்துட்டாளான்னாரு."

நீ என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாய். அந்த வார்த்தை இன்னும் உள்ளே குத்திக்கொண்டுதான் இருக்கிறது. குத்தட்டும். தெரியாமல் இருந்ததைவிட இது தேவலை.

நேற்றே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். நான்கு தாள். 'உயிருக்கு ஆபத்து நேரலாம் என்பதை அறிவேன்' என்று அச்சடித்திருந்தது. 'உறவு' என்ற இடத்தில் அக்கா என்று எழுதினேன். அந்த எழுத்து என் கையெழுத்து மாதிரியே இல்லை.

இரண்டரை. இப்போதுதான் ஒரு நர்ஸ் வந்தாள். ஓடிப்போய்க் கேட்டேன். "இன்னும் முடியலம்மா. கொஞ்சம் ரத்தம் கசியுதாம், பார்த்துட்டு இருக்காங்க" என்றாள். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று கேட்டேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உட்காருங்க. முழிச்சதும் உங்களைத்தான் தேடுவாங்க" என்றாள். முழித்ததும் என்ன கேட்பாள் என்றேன். எல்லோரும் தண்ணீர்தான் கேட்பார்களாம். கொடுக்கக் கூடாதாம். பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றலாம், அதுவும் நாளைக் காலை மூச்சுக் குழாயை எடுத்த பிறகுதானாம்.

பஞ்சு கொடு என்றேன்.

"இப்பவே எதுக்கும்மா? நாளைக்குத்தானே?"

இருக்கட்டும், கொடு என்றேன். கொடுத்தாள். குழாயில் நனைத்து, பிழிந்து, கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். காய்ந்துபோனால் மறுபடியும் நனைத்துக்கொள்வேன்.

உன் அக்கா